கொக்கி பிடிக்கிறவன் கண்ணு

எங்க அண்ணன் மாதிரி ஒரு பொறாமைக்காரனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சும்மா சொல்லல. நான் பொறந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சது. எனக்குன்னு வாங்கி வச்சிருந்த தொட்டில்ல இவன் ஏறிப் படுத்துக்கிட்டு, இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சு, கடைசியில அதோட கால் ஒன்னை உடைச்சுட்டுத்தான் இறங்கினானாம். அம்மா பிஸ்கட்டை ரெண்டாப் பிட்டுக் குடுக்கும்போது பாக்கணுமே! கண்ணைச் சிமிட்ட மாட்டான். எந்தப் பாதியில ஒரு துணுக்கு கூடன்னு அம்மாவுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி இவனுக்குத் தெரிஞ்சிடும். பக்கத்து பெஞ்சுப் பையன் கையெழுத்து அழகா இருந்தா பொறுக்காது. எதிர் வீட்டு ஜன்னல்ல புதுத் திரை தொங்கினா சாப்பாடு இறங்காது. வளந்து, கல்யாணமாகி, பிள்ளைகளுக்கு அப்பனாகியும் அந்தக் குணம் மட்டும் போகவே இல்ல.

ஆனா வேலைக்காரன். அதை யாரும் மறுக்க முடியாது. எக்கச்சக்க விலையுள்ள கார்கள், வேகமாப் போறதுக்குன்னே செஞ்ச கார்கள் வர்ற ஒரு சர்வீஸ் சென்டர்ல அவன் என்ஜின் மெக்கானிக். ஷெட்ல எல்லாரும் அவனைக் கூப்பிடுறது 'எட்டு சிலிண்டர்'. பெரிய என்ஜின்னா அவன் கைதான் படணும். தவிர, அவன் தொண்டையும் அதே ரகம். ஒரு என்ஜினை வெளியே இறக்கி, பிரிச்சு, பூட்டி, முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஷெட்ல உள்ளவங்க எல்லாம் கையில இருக்கிறதைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க. அண்ணன் அப்போ தலையைத் தூக்கவே மாட்டான். ஆனா யாரெல்லாம் வந்தாங்க, யாரெல்லாம் வரலைங்கிறதை சாயந்திரம் அச்சு பிசகாம சொல்லுவான்.

நானும் அங்கேதான் வேலை பாக்குறேன், சீட் ரூம்ல. கிழிஞ்சுபோன லெதரைப் பிரிச்சு, பழைய தையல் ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் திரும்பத் தைக்கணும். புதுசா ஒரு ஓட்டை விழுந்தாலும் அந்தத் தோல் குப்பைக்குத்தான். என் ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒரு பெரிய கண்ணாடி. அதனால அங்க நடக்கிற கூத்து எல்லாம் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஹைப்ரிட் கார்கள் வர ஆரம்பிச்சது. என்ஜினும் இருக்கும், பக்கத்துலயே மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். ஒரே சமையலறையில ரெண்டு மருமக மாதிரின்னு வச்சுக்கோங்களேன். உள்ளே ஆரஞ்சு கலர்ல தடி தடியா ஒயர் ஓடும். அதைத் தொட்டா ஆள் காலி. எங்க ஷெட்ல ஒருத்தனும் கிட்ட போகல. அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரர் வேலை பாத்த லிஃப்ட் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. மனுஷன் வீட்டுல உக்காந்து, ஒழுங்கா ஓடுற ஃபேனைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தார். மேனேஜர் மேடத்துக்கிட்ட போய், "எங்க மாப்பிள்ளை இருக்காருங்க, கரண்டுன்னா அவருக்குத் தண்ணி பட்ட பாடு"ன்னு சொன்னது வேற யாரும் இல்ல, எங்க அண்ணன்தான்.

சொந்த செலவுல சூனியம்னு இதைத்தான் சொல்லணும். கம்பெனி எங்க வீட்டுக்காரரை ட்ரெய்னிங்குக்கு அனுப்பிச்சது. திரும்பி வந்ததும் ரிசப்ஷன் சுவர்ல அவர் போட்டோவை மாட்டினாங்க. ஹை வோல்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்டாம். அண்ணன் போட்டோவும் அங்க ஏற்கனவே இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் அவன் என் ரூமுக்கு வந்து, தோல் அளக்கிற டேப்பைக் கேட்டு வாங்கிட்டுப் போனான்.

"எதுக்குண்ணே?"

"ஒன்னுமில்ல. மாப்பிள்ளையோட ஃப்ரேம் ரெண்டு விரல்கடை பெருசா இருக்கும் போலிருக்கு."

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. அளந்து பாத்துட்டு வந்து, பெருசுதான்னு சொல்லிட்டு டேப்பை மேஜைமேல போட்டுட்டுப் போனான்.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. பேட்டரி வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் தனியா செய்யக் கூடாது. ஒருத்தர் தடிமனான ரப்பர் க்ளவுஸ் மாட்டிக்கிட்டு வேலை செய்யணும், இன்னொருத்தர் பின்னாடி ஒரு கொக்கியோட நிக்கணும். ஆள் உயரத்துக்கு மஞ்சள் கம்பு, கரண்ட் பாயாத கம்பு, நுனியில ஒரு மனுஷன் இடுப்பு உள்ளே போற அளவுக்கு வளைவு. வேலை செய்றவர் கரண்ட்ல ஒட்டிக்கிட்டா கையால தொடக் கூடாது, தொட்டா நீயும் போய்ச் சேருவே. கொக்கியை மாட்டி ஒரே இழுப்பா இழுக்கணும். கொக்கிக்காரர் பேசக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, கண்ணை வேற பக்கம் திருப்பக் கூடாது. இதுக்கான முதல் பாடம் முடிச்சவங்கள்ல ஷெட்ல மிச்சம் இருந்தது எங்க அண்ணன் ஒருத்தன்தான்.

எட்டு சிலிண்டர், மாப்பிள்ளைக்குப் பின்னாடி கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்! ஷெட்டே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது. அண்ணி எனக்கு போன் பண்ணி, "உங்க அண்ணன் வீட்டுக்கு வந்து துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு காட்டுறாரு, இப்படித்தான் என்னை நிக்க வைக்கிறாங்க, நல்லா பாத்துக்கோன்னு"ன்னு புலம்பினாங்க. எனக்குச் சிரிப்பு வரல. என் புருஷன் உயிர் யார் கையில இருக்கு? அவரைக் கண்டாலே வயிறு எரியுற ஆள் கையில. கண்ணாடிக்குப் பக்கவாட்டுல இருந்த என் தையல் மெஷினை அன்னிக்கே நகர்த்தி, நேரா ஷெட்டைப் பாத்த மாதிரி போட்டுக்கிட்டேன். வெளிச்சத்துக்காகன்னு சொல்லி வச்சேன்.

பொறாமை ஒரு பக்கம்தான்னு நினைக்காதீங்க. என் வீட்டுக்காரர் ஒன்னும் சன்னியாசி இல்ல. ஒவ்வொரு வருஷமும் கார் கம்பெனித் தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு வீடியோ அனுப்புவாங்க, அடுத்து என்ன வரப்போகுதுன்னு. போன வருஷ வீடியோவுல, இனிமே எட்டு சிலிண்டர் கிடையாது, என்ஜினைப் பாதியாக் குறைச்சு நாலாக்கிடுவோம், மிச்ச பலத்தை மோட்டார் குடுக்கும்னு சொன்னாங்க. ஷெட்ல உள்ள அத்தனை தலையும் எங்க அண்ணன் பக்கம் திரும்புச்சு. மறுநாள்ல இருந்து அவன் பேரு 'நாலு சிலிண்டர்'. கேலி பண்ணினவன் எல்லாம் நேத்துவரைக்கும் அவன்கிட்ட கை கட்டி நின்னவன்தான். அன்னிக்கு என் வீட்டுக்காரர் வரும்போதே ஐஸ்கிரீம் டப்பாவோட வந்தார். "என்ன விசேஷம்?"னு கேட்டேன். "சும்மா, வெயிலா இருக்கு"ன்னார். வெளியே மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அண்ணன் அந்த வருஷம் முழுக்கக் கடுகடுன்னு இருந்தான். என்ஜினுக்கு இன்னும் எத்தனை காலம்னு யாரைப் பாத்தாலும் கேட்பான். கார் வாங்க வந்தவங்களைக்கூட விடல. "நீங்க சொல்லுங்க சார், இவ்வளவு குடுத்து வாங்குறீங்க, உள்ளே இருக்கிறது தையல் மெஷின் மாதிரி இருந்தா சம்மதமா?"ன்னு கேப்பான். மேடம் ரெண்டு தடவை எச்சரிக்கை பண்ணினாங்க. தையல் மெஷினைக் கேவலமாப் பேசினதுக்கு நான் தனியா ஒரு தடவை பண்ணினேன்.

இந்த வருஷ வீடியோ வந்துச்சு பாருங்க. சின்ன என்ஜின் போட்ட காரை வாங்கினவங்க முகம் சுளிக்கிறாங்களாம், வாங்காதவங்க வாங்கவே மாட்டேங்குறாங்களாம். அதனால எட்டு சிலிண்டர் திரும்ப வருது, மோட்டாரும் கூடவே இருக்கும், ரெண்டும் சேர்ந்துதான் இனிமேன்னு சொன்னாங்க. எங்க அண்ணனுக்குத் தலைகால் புரியல! எழுந்து நின்னு கை தட்டினான். என் வீட்டுக்காரர் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அவர் வேலைக்கு ஒரு குறையும் வரல, மோட்டார் எங்கேயும் போகல. ஆனா இவன் சந்தோஷமா இருக்கானே, அதுதான் அவரால தாங்க முடியல.

அன்னிக்குக் காலையிலேயே ஒரு காரோட பேட்டரியை இறக்கி, மூடியைத் திறந்து வச்சிருந்தாங்க. மூடி திறந்த பேட்டரிக்கு ஆஃப் பண்ற சுவிட்ச் கிடையாது. உள்ளே கரண்ட் இருந்துகிட்டே இருக்கும். என் வீட்டுக்காரர் குனிஞ்சு வேலை செய்ய, அண்ணன் பின்னாடி கொக்கியோட நின்னான். பேசக் கூடாதுன்னுதானே சட்டம்? பேசல. மூக்காலயே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கிட்டு நின்னான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஊசி கீழே விழுந்துச்சு. அதை எடுக்கக் குனிஞ்ச நேரம், 'தடால்'னு ஒரு சத்தம்.

நிமிந்து பாத்தா என் வீட்டுக்காரர் தரையில கிடக்கார், இடது தோளைப் பிடிச்சுக்கிட்டு. இடுப்புல கொக்கி. அண்ணன் தொண்டை கிழியக் கத்துறான், "க்ளவுஸைக் கழட்டிட்டாருய்யா! வெறுங்கையை விட்டாருய்யா!"ன்னு. நான் ஓடிப் போய்ச் சேரும்போது அவர் கையில ரெண்டு க்ளவுஸும் இல்ல, பக்கத்துல கிடந்துச்சு.

"விழுந்தப்புறம் வலியில நான்தான் கழட்டிப் போட்டேன்"னார் அவர். "நான் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒன்னும் ஆகல. மச்சான் பின்னாடி இருந்து இழுத்துத் தள்ளிட்டாரு."

ஒருத்தர் இப்படிச் சொல்றார், இன்னொருத்தன் அப்படிச் சொல்றான். ஷெட்ல இருக்கிற கேமரா வாசலைத்தான் பாக்கும், கார்ல கீறல் போட்டது யாருன்னு கண்டுபிடிக்க வச்சது. மத்தவங்க அவங்கவங்க கார்ல தலையை விட்டிருந்தாங்க, பாத்தவங்க யாரும் இல்ல. யார் பேச்சை நம்புவாங்க? ஃப்ரேமை டேப் வச்சு அளந்தவன் பேச்சையா? மேடம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. உயிரைக் காப்பாத்துறதுக்குக் குடுத்த கொக்கியைக் கோபத்தைத் தீர்த்துக்க எடுத்தவனை வச்சுக்க முடியாதுன்னு பச்சையாவே சொன்னாங்க. இங்கிருந்து இப்படி ஒரு பேரோட போனா வேற எந்த ஷெட்டும் அவனை உள்ளே விடாது.

என் வீட்டுக்காரருக்குக் காரை எலும்பு உடைஞ்சு, இடது கையைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. அவரை வீட்டுல படுக்க வச்சுட்டு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழட்டல.

"என் தாலியில கை வைக்கிற அளவுக்கு உனக்கு என்ன வயித்தெரிச்சல்? தொட்டில் காலை உடைச்ச மாதிரி அவர் எலும்பை உடைச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அண்ணி என்னை உக்காரச் சொன்னாங்க. நான் உக்காரல. அண்ணன் எப்பவும் எகிறுற ஆள், அன்னிக்கு எகிறல.

"பொறாமைக்காரன்தான். இல்லைன்னு நான் சொன்னேனா? அந்த ஆளு எப்போ தப்பு பண்ணுவாருன்னுதான் தினமும் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பு பண்ணிட்டா போதும்னு நிக்கிறேன். கண்ணை எடுக்குறதே இல்ல. அதனாலதான் பாத்தேன், வலது கை க்ளவுஸைக் கழட்டினதை. கழட்டினாரு, கையை உள்ளே விட்டாரு, அப்படியே விறைச்சுப் போயிட்டாரு. இழுத்தேன். நம்பாட்டி போ."

நம்பல. "நல்லா கதை விடுறே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அவனைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே வந்தேன்.

வீட்டுல என் வீட்டுக்காரர் வாட்ச் கட்டியிருந்தார். கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் குடுத்த வாட்ச், ஸ்ப்ரிங் செயின் வச்சது. கரண்ட் வேலை செய்றவங்க கையில உலோகம் போடக் கூடாதுன்னு சாக்குச் சொல்லி, அதை அவர் ஒரு நாள்கூடக் கட்டினதில்ல. 'நம்ம மேல கோபம் இல்லைன்னு காட்டுறாரு போல, பாவம், எவ்வளவு பெரிய மனசு'ன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வலது கையில கட்டியிருக்கீங்களேன்னு கேட்டேன். இடது கையைத்தான் தொங்க விட்டிருக்காங்களேன்னார். அதுவும் சரிதான்.

தூங்கும்போதும் வாட்ச் இருந்துச்சு. சாப்பிடும்போதும் இருந்துச்சு. வியாழக்கிழமை காலையில அவர் தலைக்கு நான்தான் தண்ணி ஊத்த வேண்டியிருந்தது, ஒத்தைக் கையால அவரால முடியல. வாட்சைக் கழட்டுங்கன்னேன்.

"இருக்கட்டும்."

"தண்ணி உள்ளே போயிடும்ங்க."

"போனா போகட்டும், ஓடாத வாட்ச்தானே."

ஓடாத வாட்சை எதுக்கு ஒரு மனுஷன் குளிக்கும்போதுகூடக் கட்டிக்கிட்டு இருக்கணும்? சோப்பு வழுக்கலோட அவர் கையைப் பிடிச்சேன். ஸ்ப்ரிங் செயின்தானே, ஒரே இழுப்புல கையோட வந்துடுச்சு. மணிக்கட்டுல பென்சில் முனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி, சுத்தி வெள்ளையா ஒரு வளையம். அதே கையில ஆள்காட்டி விரல்ல ஒரு பிளாஸ்டர், நட்டு கிழிச்சுடுச்சுன்னு சொல்லியிருந்தார். அதையும் பிச்சேன். அங்கேயும் அதே புள்ளி. கரண்ட் விரல் வழியா உள்ளே போய் மணிக்கட்டு வழியா வெளியே வந்திருக்கு. தோலோடவே வாழ்றவ நான், சுட்ட தோலுக்கும் கிழிஞ்ச தோலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

அந்தக் கையை அவர் மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சேன். தலையில தண்ணி சொட்டச் சொட்ட அவரே பேசினார்.

"பட்டாணி அளவு நட்டு. க்ளவுஸோட பிடிபடவே இல்ல. ரெண்டு தடவை நழுவிடுச்சு. உங்க அண்ணன் பின்னாடி நின்னு பாட்டு முனகிக்கிட்டு இருக்காரு. அவர் முன்னாடி மூணாவது தடவையும் நழுவ விடச் சொல்றியா?"

"அதுக்காக வெறுங்கையை விடுவீங்களா? சரி, விட்டீங்க. விழுந்ததும் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"உன் அண்ணன்தான் என் உசுரைக் காப்பாத்தினாருன்னு நான் வாயால சொல்லணுமா? அவரு ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியோட தண்ணியைத் தூக்கி அவர் தலையில கொட்டினேன். "சொல்லிக் காட்டட்டுமே! அதைக் கேக்குறதுக்கு உங்களுக்கு ஆயுசு இருக்கே! கரண்ட் அடிச்சதை டாக்டர்கிட்டகூடச் சொல்லாம, நெஞ்சு எப்படி இருக்குன்னு பாக்காம, இத்தனை நாளா பக்கத்துல படுத்திருக்கீங்களே, நான் என்ன ஆகுறதுன்னு யோசிச்சீங்களா?" அழுகை வந்துடுச்சு. அவரும் அழுதார், கண்ணுல சோப்புன்னு சொன்னார்.

முதல்ல ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் நெஞ்சை டெஸ்ட் பண்ண வச்சேன். ஒன்னும் இல்லைன்னாங்க. மறுநாள் விசாரணையில, மேடம் முன்னாடி, அண்ணன் முன்னாடி, அவரே வாட்சைக் கழட்டி மேஜைமேல வச்சுட்டு மணிக்கட்டை நீட்டினார். நான் வாயே திறக்கல. திறக்குற மாதிரி அவர் வச்சுக்கல.

ரிசப்ஷன்ல இருந்து அவர் போட்டோ இறங்குச்சு. ஸ்பெஷலிஸ்ட் வேலை போச்சு, முதல் பாடத்துல இருந்து திரும்பப் படிக்கணும். அண்ணன் வேலைக்குத் திரும்பினான். பெரிய மனுஷனாட்டம் மன்னிச்சு விட்டுட்டான்னு நினைச்சீங்களா? நல்லா கேட்டீங்க! பாத்தவன் போனவன்கிட்ட எல்லாம் சொல்லிக் காட்டினான். டீ குடிக்க வந்த கூரியர்காரன்கிட்டகூட, "இதோ போறாரே, இந்த உசுரு நான் போட்ட பிச்சை"ன்னான். என் வீட்டுக்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டார். கேட்டுத்தானே ஆகணும்.

அடுத்தது மேடம் போட்ட போடு. இனிமே வர்ற கார்ல என்ஜினும் மோட்டாரும் ரெண்டும்தான், அதனால என்ஜின்காரனும் பேட்டரி வேலை படிக்கணும்னு எங்க அண்ணனை ட்ரெய்னிங்குக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தான். சுவர்ல காலியா இருந்த ஆணியில அவனோட புதுப் போட்டோ ஏறுச்சு. அன்னிக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் சீட் ரூமுக்கு வந்தார். தோள் சரியாகியிருந்தது.

"அந்த டேப்பைக் கொஞ்சம் குடு."

நான் ஒன்னும் கேக்காம எடுத்துக் குடுத்தேன்.

போன வாரம் அண்ணனோட முதல் பேட்டரி வேலை. மூடி திறந்திருந்தது. அண்ணன் குனிஞ்சு நிக்கிறான், பின்னாடி, முதல் பாடத்தைத் திரும்பப் படிச்சு முடிச்ச என் வீட்டுக்காரர் மஞ்சள் கொக்கியோட நிக்கிறார். நான் கண்ணாடி வழியா முதல்ல அண்ணன் கையைப் பாத்தேன், ரெண்டு க்ளவுஸும் இருந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்தேன். அப்பப்பா, அந்த வயித்தெரிச்சல்! கண்ணு அண்ணன் விரலை விட்டு ஒரு நூல் நகரல. இமைக்கக்கூட இல்ல. என்னிக்காவது ஒரு தப்பு பண்ண மாட்டியான்னு நிக்கிறார் மனுஷன்.

நான் மெஷினைத் தள்ளி, பழையபடி கண்ணாடிக்குப் பக்கவாட்டுல போட்டுக்கிட்டு, ஊசியில நூலைக் கோத்தேன்.